காரின் குலுக்கலோடு போராடியவர்!

சின்னஞ்சிறிய கார் அது. நீளம் பத்தே அடி. ஆனால் பெரியவர்கள் நாலு பேர் அதில் உட்காரலாம். மினி கார் என்று பெயர். 1959-ம் ஆண்டு முதல் 2000-ம் ஆண்டு வரை ஏறத்தாழ 53 லட்சம் மினி கார்கள் தயாராயின.

அந்தக் காரை உருவாக்கியவர் அலெக் இஸிகோனிஸ் என்ற என்ஜினீயர். காரின் குலுக்கலைக் குறைப்பதுதான் அவருக்குக் கைவந்த தொழில். ஆனால் அவர் செய்த காரே, ஏறியவர்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று பெயர் எடுத்தது! இந்த விந்தை எப்படி நேர்ந்தது?

அகதியான சிறுவன்

இஸிகோனிஸ் 1906-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஸ்மிர்னா நகரில் பிறந்தார். இன்று துருக்கி நாட்டில் இஸ்மீர் என்று வழங்கும் துறைமுகப் பட்டணம் அது. தந்தை கிரேக்க வம்சம், பிரிட்டிஷ் குடிமகன். கப்பல் என்ஜின் தொழிற்சாலை நடத்தி வந்தார். தாயார் ஹுல்டா ஜெர்மன் வம்சத்தைச் சேர்ந்தவர். தந்தையின் தொழிற்சாலையில் யந்திரங்களைப் பார்த்தபடியே அலெக் வளர்ந்தார்.

1922-ம் ஆண்டில் கிரேக்க - துருக்கிப் போர் ஸ்மிர்னா வரை வந்துவிட்டது. அங்கிருந்த பிரிட்டிஷ் குடிமக்களை ஆங்கிலேயக் கடற்படை மால்டா தீவுக்கு ஏற்றிச் சென்றது. வீடு, வாசல், தொழிற்சாலை எல்லாம் போயின. தந்தையும் சிறிது காலத்தில் காலமானார். 1923-ல் தாயும் மகனும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது அலெக்குக்கு வயது 16.

கணக்கில் மூன்று முறை தோல்வி

லண்டனில் பாட்டர்ஸீ தொழிற் கல்லூரியில் அவர் என்ஜினீயரிங் படித்தார். படம் வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் கணக்கு மட்டும் வரவில்லை. கணக்குத் தேர்வில் மூன்று முறை தோற்றார்! ஆனாலும் மனம் தளரவில்லை. டிப்ளமோ பட்டம் பெற்று வெளியே வந்தார்.

1934-ல் ஹம்பர் கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. 1936-ல் மோரிஸ் கம்பெனிக்கு மாறினார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை சஸ்பென்ஷன். அதாவது, சக்கரத்துக்கும் கார் உடம்புக்கும் நடுவே இருந்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு.

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். வில் இருந்தால் குலுக்கல் குறையும். காரிலும் அப்படித்தான். ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் எழும்பும். எழும்பியது மறுபடி அமுங்கும். கார் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டும் ஜோடி பொருந்தினால்தான் பயணம் சுகமாக இருக்கும்.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இருசில் மாட்டப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்ய இஸிகோனிஸ் உழைத்தார்.

மோரிஸ் மைனர் பிறந்தது

1948-ல் அவர் உருவாக்கிய மோரிஸ் மைனர் கார் வெளிவந்தது. முன் சக்கரங்கள் தனித்தனியே இயங்கின. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கினால் திரும்பி நிமிரும் நீண்ட எஃகுக் கம்பிகளை வைத்திருந்தார்.

இந்தக் காருக்காக அவர் செய்த ஒரு காரியம் எல்லோரையும் திகைக்க வைத்தது. தயாராக நின்ற மாதிரிக் கார் குறுகலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. உடனே அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரு பாதிகளையும் தள்ளி வைத்துப் பார்த்து, அகலத்தை 4 அங்குலம் கூட்டினார். அந்த மாற்றத்தால் கார் இன்னும் உறுதியாக நின்றது.

பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். நம் நாட்டிலும் அது பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது.

ரப்பரே ஸ்பிரிங்!

1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை மூண்டது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும் சிறிய கார் வேண்டும் என்று, அவர் வேலை பார்த்த பி.எம்.ஸி. கம்பெனி அவரிடம் கேட்டது.

என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து இடத்தை மிச்சப்படுத்தினார். சக்கரத்தின் விட்டத்தை 10 அங்குலமாகக் குறைத்தார். ஆனால் சஸ்பென்ஷனில் ஒரு சிக்கல் வந்தது.

காரின் எடை சுமார் 600 கிலோ. நாலு பேர் ஏறினால் அதில் ஏறக்குறைய பாதி எடை கூடிவிடும். ஒருவருக்கு ஏற்ற மெல்லிய ஸ்பிரிங் போட்டால், நாலு பேர் ஏறியதும் கார் தரையைத் தொடும். நாலு பேருக்கு ஏற்ற கடினமான ஸ்பிரிங் போட்டால், ஒருவர் மட்டும் போகும்போது தூக்கிப் போடும்.

இதற்கு வழி சொன்னவர் அவருடைய நண்பர் மோல்ட்டன். ரப்பர்த் தொழில் நடத்திய குடும்பத்தில் வந்தவர். எஃகுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளை வைக்கலாம் என்றார். அமுங்க அமுங்க ரப்பர் கெட்டியாகும். பாரத்துக்கு ஏற்றபடி தானே பலம் கூட்டிக்கொள்ளும். இடமும் கொஞ்சமே பிடிக்கும்.

1959-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி மினி கார் வெளிவந்தது. வளைவுகளில் அது பம்பரமாகத் திரும்பியது. 1964-ல் மான்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்திலும் ஜெயித்தது. ஆனால் சிறிய சக்கரம், கெட்டி ரப்பர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே குறைந்த தூரம்! மூன்றும் சேர்ந்து, மேடு பள்ளத்தில் கார் குதித்தது.

இஸிகோனிஸ் அதற்காகப் பெரிதாகக் கவலைப்படவில்லை. சொகுசு கூடினால் காரோட்டி கண் அயர்ந்துவிடுவார், கொஞ்சம் அசௌகரியம் இருந்தால்தான் விழிப்பாக இருப்பார் என்பது அவர் கட்சி. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களின் முதுகு அந்தக் கட்சியை ஒப்புக்கொள்ளுமா?

தண்ணீர் செய்த தந்திரம்

மோல்ட்டனிடம் இன்னொரு யோசனை இருந்தது. ரப்பருக்குள் தண்ணீர் கலந்த திரவத்தை நிரப்பி, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரு குழாயால் இணைத்தார். முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது திரவம் பின்னுக்கு ஓடி, பின்பக்கத்தையும் தூக்கும். முன்னே எழும்பிப் பின்னே விழாமல் கார் சமமாக ஏறி இறங்கும். மினி பிறந்தபோது இது தயாராகவில்லை. 1962-ல் வந்த மோரிஸ் 1100 காரில் இதை முதலில் பொருத்தினார்கள். 1964-ல் மினி காருக்கும் வந்தது. ஆனால் செலவு அதிகம். சில ஆண்டுகளில் மினி பழைய ரப்பருக்கே திரும்பிவிட்டது.

1969-ல் இஸிகோனிஸ் சர் பட்டம் பெற்றார். அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. தாயார் 1972-ல் காலமாகும் வரை கூடவே வைத்துக் காப்பாற்றினார். 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி காலமானார்.

நமக்கு ஒரு பாடம்

பந்தயக் கார் போலத் தோன்ற வேண்டும் என்று, கடையில் புது ஸ்பிரிங் வாங்கிக் காரைத் தாழ்த்துகிறவர்கள் இன்றும் உண்டு. பிறகு கார் தூக்கிப் போடுகிறதே என்று வருந்துகிறார்கள். தாழ்த்திய காரில் சக்கரம் ஏறி இறங்க இடம் குறைவு. கொஞ்சம் பள்ளத்தில் விழுந்தாலும் அடியில் உள்ள ரப்பர்க் கட்டையில் இடிக்கும். ஸ்பிரிங் கடினமாகி, ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருந்தால், ஆட்டம் அடங்காது. ஷாக் அப்சார்பர் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால், சின்னக் கல்லும் முதுகில் குத்தும்.

ஆகவே முதலில் டயரில் காற்று அளவோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது காசில்லாத வைத்தியம். பிறகு ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் காரின் எடைக்கு ஏற்ற ஜோடியாக மாற்ற வேண்டும். காரைப் பழைய உயரத்துக்கே உயர்த்துவதில் வெட்கம் இல்லை.

ஆளுக்கு ஏற்ற செருப்பு. காருக்கு ஏற்ற ஸ்பிரிங். மேதை செய்த காருக்கும் இந்த விதிதான்!