அலிக் ஐசக்ஸ்

அலிக் ஐசக்ஸ் (ஜூலை 17, 1921 – ஜனவரி 26, 1967) வைரசு எனப்படும் தீநுண்மங்களை ஆய்ந்த பிரித்தானிய அறிவியலாளர் ஆவார். 1957 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் லிண்டன்மனுடன் இணைந்து இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தவர்.

வாழ்க்கை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1944 இல் பட்டம் பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளாது ஆய்வுத்துறையில் புகுந்தார். ஷெஃபீல்டிலும், பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் மக்ஃபார்லேன் பேர்னெட்டிடமும் இன்ஃபுளுவென்சா குறித்து ஆய்ந்தார். அதன்பின் இலண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் இணைந்து, அங்கு இயங்கிய உலக இன்ஃபுளுவென்சா மையத்துக்குப் பொறுப்பேற்றார்.

கண்டுபிடிப்பு

ஒரு தீநுண்மம் தொற்றிய உயிரணுவில் மற்றொன்று எளிதில் பெருகுவதில்லை என்பது 1930களிலேயே அறியப்பட்டிருந்தது. இதற்குக் குறுக்கீடு என்ற பெயர் இருந்ததேயன்றிக் காரணம் விளங்கவில்லை. ஐசக்சும் லிண்டன்மனும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா தீநுண்மத்தைக் கோழிக் கருமுட்டைச் சவ்வின் துண்டுகளுடன் சேர்த்து வைத்தனர். பின்னர் அத்துண்டுகளை அகற்றி, எஞ்சிய நீர்மத்தில் புதிய சவ்வுத் துண்டுகளை இட்டனர். இவற்றில் உயிர்ப்புள்ள தீநுண்மம் பெருகுவது தடைப்பட்டது. தடுத்தது பழைய தீநுண்மம் அன்று, உயிரணுக்களே சுரந்து வெளியிட்ட ஒரு பொருள் என்று அவர்கள் முடிவு செய்தனர். குறுக்கீடு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே இன்டர்ஃபெரான் என்ற பெயர் அமைந்தது.

இம்முடிவைப் பலர் ஏற்கவில்லை. கற்பனைப் பொருள் என்று கேலி செய்தோரும் உண்டு. அவர்களது ஐயம் முற்றிலும் காரணமற்றதன்று: பொருள் மிகச் சிறிதளவே கிடைத்தது, தூய்மைப்படுத்த இயலவில்லை. லிண்டன்மன் தாயகம் திரும்பியபின் ஐசக்ஸ் டெரெக் பர்க் முதலியோருடன் பணியைத் தொடர்ந்தார். குரங்கின் உயிரணுக்களிலிருந்து பெற்ற இன்டர்ஃபெரான், அம்மைப்பால் குத்தியபோது தோலில் தோன்றும் கொப்புளத்தைத் தடுப்பதை 1962 இல் வெளியான மனிதச் சோதனை காட்டியது. மனச்சோர்வாலும் 1964 இல் ஏற்பட்ட மூளைக் குருதிக்கசிவாலும் அவர் நலிவுற்றார். 1966 இல் அரச கழக உறுப்பினரான ஐசக்ஸ், மறு ஆண்டில் தமது 45 ஆம் வயதில் காலமானார். தூய இன்டர்ஃபெரான் 1970களின் இறுதியிலேயே கிடைத்தது.

செயற்படும் விதம்

இன்டர்ஃபெரான் தீநுண்மத்தை நேரடியாகத் தாக்குவதில்லை. ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுத்தால் அதன் பாதுகாப்பும் கிட்டாது என்பதை 1964 இல் ஜாய்ஸ் டெய்லர் காட்டினார். அதாவது, உயிரணு தன் சொந்த மரபணுக்களை இயக்கியாக வேண்டும். செய்தி மரபணுவைச் சென்றடையும் வழியை 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டார்னெல், ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் ஆகியோரின் குழுக்கள் விளக்கின. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் ஆல்ஃபா அல்லது பீட்டா வகை இன்டர்ஃபெரான் பிணைந்ததும், உட்புறத்திலுள்ள ஜாக் 1, டைக் 2 என்னும் நொதிகள் விழிப்படைகின்றன. இவை ஸ்டாட் 1, ஸ்டாட் 2 புரதங்களில் பாசுபேட்டுக் குழுவை ஏற்றுகின்றன. அவ்விரண்டும் ஐ.ஆர்.எஃப். 9 என்னும் புரதத்துடன் கூடி உட்கருவினுள் நுழைந்து, டி.என்.ஏ.வில் தமக்குரிய இடங்களில் பொருந்தி, நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகின்றன. தீநுண்மங்களும் வாளாவிருப்பதில்லை. டெங்கு தீநுண்மம் ஸ்டாட் 2 புரதத்தையே சிதையச் செய்து இச்செய்தியைப் பாதிவழியில் துண்டிக்கிறது.