முகவரி தொலைத்த துறவிக்குத் திறந்த கதவு

வெளிநாட்டுக்குத் தனியா போறது இன்னைக்குப் பெரிய விஷயமே இல்லை. பெரணமல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகூட, செல்போனிலேயே ரூம் போட்டு, மேப்பைப் பார்த்துக்கொண்டே சிகாகோ தெருக்களில் நடந்துவிடலாம். ஆனால் 1893 செப்டம்பரில், அதே சிகாகோவில் 30 வயது இளைஞர் ஒருவர் போகவேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டு, ரயில்வே யார்டில் கிடந்த காலிப் பெட்டிக்குள் ராத்திரியைக் கழித்தார். அவர்தான் சுவாமி விவேகானந்தர்.

சர்வமத மாநாட்டில் அவர் பேசியது நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த மேடை வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள்தான்.

சென்னை வீடுகளில் சேர்ந்த காசு

1863 ஜனவரி 12-ல் கொல்கத்தாவில் பிறந்தவர் நரேந்திரநாத் தத்தா. துறவியான பிறகு இந்தியா முழுக்க அலைந்து, 1892 கடைசியில் கன்னியாகுமரிக்கு வந்தார். அங்கிருந்து சென்னை. இங்கேதான் அளசிங்கப் பெருமாள் என்கிற பள்ளி ஆசிரியர் அவரைப் பிடித்துக்கொண்டார். இவர் அமெரிக்கா போயே ஆகணும் என்று முடிவு செய்து, நண்பர்களோடு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். பெரிய பணக்காரர்களைவிட நடுத்தரக் குடும்பங்கள்தான் அதிகம் கொடுத்தன. கேத்ரி மகாராஜாவும் உதவினார்.

1893 மே 31-ல் பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று சுற்றி, யோகஹாமாவில் வேறு கப்பல் மாறி, ஜூலை கடைசியில் கனடாவின் வான்கூவரில் இறங்கினார். அங்கிருந்து ரயிலில் சிகாகோ.

போன இடத்தில் அதிர்ச்சி

சிகாகோவில் விசாரித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. மாநாடு செப்டம்பர் 11-ல்தான் ஆரம்பம். பேசுபவர்களின் பெயர்ப் பதிவு முடிந்துவிட்டது. அதோடு, அங்கீகரிக்கப்பட்ட ஓர் அமைப்பின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும். அவரை அனுப்பியவர்களுக்கும் இது தெரியாது. அந்த ஊர்க் குளிரைத் தாங்கும் உடுப்புகூட அவரிடம் இல்லை.

கையிருப்பு வேகமாகக் கரைந்தது. பாஸ்டன் பக்கம் போனால் செலவு குறையும் என்று யாரோ சொல்ல, கிளம்பிவிட்டார். ரயில் பயணத்தில் பழக்கமான கேட் சேன்பார்ன் என்ற ஐம்பது வயதைத் தாண்டிய எழுத்தாளர், மாசசூசெட்ஸில் இருந்த தன் பண்ணை வீட்டில் அவரைத் தங்க வைத்தார்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த அதிசயப் பொருள் மாதிரி அந்த அம்மா தன்னை நண்பர்களுக்குக் காட்டுகிறார் என்பது விவேகானந்தருக்குப் புரிந்தே இருந்தது. தெருவில் அவர் உடையைப் பார்த்துக் கூட்டம் கூடி கேலி செய்ததும் உண்டு. அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. பணம் தீர்கிறது, குளிர் வரப்போகிறது, ஆனாலும் தங்கும் செலவு மிச்சம் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

அந்த வட்டாரத்தில் அறிமுகமானவர்தான் ஜான் ஹென்றி ரைட். ஹார்வர்டில் கிரேக்க மொழிப் பேராசிரியர். ஆகஸ்ட் கடைசியில் அன்னிஸ்குவாம் என்ற கடலோர ஊருக்கு அழைத்து, சில நாட்கள் தங்க வைத்துப் பேசிப் பார்த்தார். அந்த அறிவில் அசந்துபோனவர், மாநாட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தானே சிபாரிசுக் கடிதம் எழுதினார். சிகாகோவுக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்.

டியர்பார்ன் அவென்யூவில் ஒரு காலை

இனி எல்லாம் சுலபம்னு நினைத்தால், சிகாகோவில் இறங்கியதும் மாநாட்டு அலுவலக முகவரியைக் காணோம். வழி கேட்டால் பலர் அவர் நிறத்தைப் பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைய இரவுதான் அந்தக் காலிப் பெட்டியில் கழிந்தது.

காலையில் பசி. நம்ம ஊர் சந்நியாசி செய்வதையே அவரும் செய்தார். வீடு வீடாகப் போய் உணவும் வழியும் கேட்டார். அது பணக்காரர்கள் வாழ்ந்த பகுதி. அழுக்குத் துணியும் களைத்த முகமுமாக நின்றவரைச் சிலர் விரட்டினார்கள், சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். நடக்க முடியாமல் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்த பெண்மணி, மாநாட்டுக்கு வந்த பிரதிநிதியா என்று விசாரித்தார். அவர்தான் ஜார்ஜ் ஹேல் என்பவரின் மனைவி எல்லன் ஹேல். உள்ளே அழைத்து, களைப்பாற வைத்து, காலைச் சாப்பாடு கொடுத்து, மாநாட்டு அலுவலகத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார்.

சில நாட்களிலேயே, செப்டம்பர் 11 அன்று, அமெரிக்கர்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அவர் அழைக்க, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஊரில் மூடின கதவையும் பார்த்தவர், திறந்த கதவையும் பார்த்தவர் அழைத்த அழைப்பு அது.

பேர் வந்த பிறகும்

புகழ் வந்ததும் ஹேல் குடும்பத்தை அவர் மறந்துவிடவில்லை. எல்லனை அம்மா என்றும், அந்த வீட்டுப் பெண்களைச் சகோதரிகள் என்றும் அழைத்தார். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குப் போனபோது அந்த வீடு அவருக்குச் சொந்த வீடு மாதிரி ஆனது. மேரி ஹேலுக்குப் பல வருடங்கள் கடிதம் எழுதினார்.

1897 பிப்ரவரி 6-ல் சென்னை எழும்பூரில் வந்து இறங்கியபோது அவரைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தில் ஒன்பது நாள் தங்கினார். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். 1902 ஜூலை 4-ல் மறைந்தபோது அவருக்கு வயது 39.

எல்லன் ஹேல் கதவைத் திறந்த காலையில், வெளியே உட்கார்ந்திருந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. சென்னையில் காசு கொடுத்த குடும்பங்களுக்கும், இந்த இளைஞர் என்ன ஆவார் என்று தெரியாது. தெரிந்துகொண்டு செய்த உதவி இல்லை அது. அடுத்த தடவை உங்க ஊர் பஸ் ஸ்டாண்டில், பாஷை தெரியாத ஒருத்தர் கையில் பையோடு முழித்துக்கொண்டு நின்றால், எங்கே போகணும்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.