மண்ணின் இடைவெளியை அடைத்த மனிதர்

லண்டன் மாநகரின் கார்ன்ஹில் சாலையில், ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கு எதிரே, தொப்பி அணிந்த பொறியாளர் ஒருவரின் சிலை நிற்கிறது. 1994-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையின் பீடம் உள்ளீடற்றது. கீழே இருக்கும் சுரங்க ரயில் நிலையத்துக்குக் காற்றோட்டம் தருவதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டது. தன் சிலையையும் சுரங்கத்தின் பணிக்கு ஈந்துவிட்ட அந்த மனிதர், ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட்.

தென்னாப்பிரிக்காவின் கிரகாம்ஸ்டவுனில் 1844-இல் பிறந்த கிரேட்ஹெட், பதினைந்தாம் வயதில் இங்கிலாந்துக்கு வந்தார். 1864-இல் பீட்டர் வில்லியம் பார்லோ என்ற பொறியாளரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். லாம்பெத் தொங்கு பாலத்தைக் கட்டியவர் பார்லோ. அந்தப் பாலத்தின் தூண்களுக்காக வார்ப்பிரும்பு உருளைகளைத் தேம்ஸ் நதிப்படுகையின் களிமண்ணுக்குள் இறக்கியபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. செங்குத்தாக இறங்கும் உருளையைக் கிடைமட்டமாகச் செலுத்தினால் சுரங்கம் அமைத்துவிடலாமே என்பதுதான் அது. பிற்காலத்தில் பாலங்களைக் காக்க உதவிய ஒரு நுட்பம், பாலம் கட்டும் பணியிலிருந்தே பிறந்தது என்பது வரலாற்றின் அழகான பொருத்தம்.

அன்று சுரங்கம் என்றாலே ஒப்பந்ததாரர்கள் அஞ்சினர். தேம்ஸ் நதிக்கடியில் மார்க் புருனேல் அமைத்த முதல் சுரங்கம் 1825-இல் தொடங்கி 1843-இல்தான் திறக்கப்பட்டது. நதி பலமுறை உள்ளே புகுந்து உயிர்களைப் பறித்திருந்தது. எனவே, லண்டன் கோபுரத்தருகே இரண்டாவது சுரங்கத்துக்கு பார்லோ திட்டமிட்டபோது பணியை ஏற்க எவரும் முன்வரவில்லை. இருபத்து நான்கு வயதேயான கிரேட்ஹெட் முன்வந்தார். 1869-இல் தொடங்கிய தோண்டும் பணி அந்த ஆண்டுக்குள்ளாகவே நிறைவடைந்தது.

அவர் கையாண்ட கருவி எளிமையானது. வட்ட வடிவ இரும்புக் கவசம் ஒன்றுக்குள் நின்று தொழிலாளர்கள் மண்ணை வெட்டுவார்கள். வெட்டிய தூரத்துக்குக் கவசம் முன்னே தள்ளப்படும். அதன் வால்பகுதிக்குள் வார்ப்பிரும்புத் துண்டுகளை இணைத்து நிரந்தர வளையம் அமைப்பார்கள். ஆனால், இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. வளையத்தைவிடக் கவசம் சற்றே பெரியது. அது முன்னேறியதும் வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய வெற்றிடம் எஞ்சும். மண் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சரியும். அந்தச் சரிவு மெல்ல மேலேறித் தரைமட்டத்தை எட்டும்.

தரை எங்கும் சமமாகத் தாழ்வதில்லை என்பதே பாலங்களுக்குப் பகை. சுரங்கத்துக்கு நேர்மேலே தாழ்வு மிகுதியாகவும், விலக விலகக் குறைவாகவும் இருக்கும். ஒரு பாலத்தின் தூண்கள் அனைத்தும் ஒரே அளவில் இறங்கினால் பெருந்தீங்கு நேராது. ஒரு தூண் மட்டும் இறங்கி அடுத்தது அசையாமல் நின்றால் கல்வளைவு விரிசல் காணும்; உத்திரம் தன் தாங்கியில் நிலைதடுமாறும்.

கிரேட்ஹெட்டின் பெருமை கவசத்தோடு முடிந்துவிடவில்லை. அந்த வெற்றிடத்தை மண் நிரப்புமுன் தாமே நிரப்ப முற்பட்டார் என்பதில்தான் அது முழுமை பெறுகிறது. முதல் சுரங்கத்தில் சுண்ணாம்புக் குழம்பைக் கைப்பீச்சு மூலம் செலுத்தினார். பின்னர், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் குழம்பை உட்செலுத்தும் இயந்திரத்தை உருவாக்கினார். நீர் ஊறும் சரளை மண் எதிர்ப்பட்ட இடங்களில், சுரங்கத்துக்குள்ளேயே காற்றழுத்தத்தைக் கூட்டி நீரையும் மண்ணையும் தடுத்து நிறுத்தினார்.

1886-இல் தொடங்கிய சிட்டி அண்டு சவுத் லண்டன் ரயில்பாதை இவற்றுக்கெல்லாம் பெருஞ்சோதனையாக அமைந்தது. அதன் இரட்டைச் சுரங்கங்கள், லண்டன் பாலத்துக்குச் சற்று மேற்கே நதியைக் கடந்தன. கரையேறியதும் ஸ்வான் லேன் என்ற குறுகிய தெரு. தனியார் கட்டடங்களுக்கு அடியில் சென்றால் இழப்பீடு தர நேரும் என்பதால், அங்கு ஒரு சுரங்கத்தின் மேல் மற்றொன்றாக அடுக்கித் தெருவின் அகலத்துக்குள்ளேயே பாதையை அடக்கினர். பொறியாளரின் அறிவு மட்டுமல்ல, மேலே வாழ்பவரின் உரிமையும் அந்தப் பாதையை வரைந்தது. 1890-இல் திறக்கப்பட்ட அதுவே, நிலத்தடியில் ஆழமாகச் சென்ற உலகின் முதல் மின்சார ரயில்பாதை.

மேலும் பல திட்டங்கள் கைவசமிருக்க, 1896-இல் தமது ஐம்பத்து இரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த வழி தொடர்ந்தது. நூறாண்டுகளுக்குப் பின் வெஸ்ட்மின்ஸ்டரில் ஜூபிலி ரயில்பாதையின் நீட்டிப்புக்காகத் தோண்டியபோது, பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் சாய்வை நுண்கருவிகளால் அளந்தபடியே, அதன் அடித்தளத்துக்குக் கீழே சிமென்ட் குழம்பைச் செலுத்திக் காத்தனர். நுட்பம் வளர்ந்திருந்தது, இழந்த மண்ணுக்கு ஈடுசெய்யும் கோட்பாடு அதேதான்.

சென்னை மெட்ரோவுக்காக மண்ணைக் குடையும் ராட்சத இயந்திரங்களும் கிரேட்ஹெட் கவசத்தின் வழித்தோன்றல்களே. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை திடீரென உள்வாங்கி, ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் சிக்கிய காட்சியை நாம் மறந்திருக்க முடியாது. இயந்திரம் எத்தனை பெரிதானாலும், அகற்றிய மண்ணுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதையே அது உணர்த்தியது. வெட்டும் வேகத்தை நாம் கொண்டாடுகிறோம். பாலத் தூண்களில் பொருத்திய அளவுகோல்களை அன்றாடம் வாசிப்பதும், தாழ்வு எல்லை மீறினால் பணியை நிறுத்தும் துணிவும், அந்த அளவீடுகளை மக்கள் முன் வைப்பதும் அதே அளவுக்குப் போற்றப்பட வேண்டியவை.

சுரங்கப் பொறியாளரின் வெற்றி, எதுவும் நிகழாமல் போவதில் இருக்கிறது. பாலத்தின் மேல் செல்பவர், தம் காலடியில் ஒரு சுரங்கம் பிறந்ததை அறியாமலேயே கடந்து போக வேண்டும். கிரேட்ஹெட் நாடியது அந்த அறியாமையைத்தான்.