கடைசிக் காசு: கணித வித்வான் பௌட்டனின் சரித்திரம்

விளையாட்டென்பது சிறுபிள்ளைகளின் காரியம், கற்றோர் அதில் புத்தியைச் செலுத்துவது வீண் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானதென்பதை அமெரிக்கக் கணித வித்வான் சார்லஸ் லியோனார்டு பௌட்டனின் ஜீவிய சரித்திரம் விளக்கும்.

பௌட்டன் 1869-ஆம் வருஷம் மிசௌரி மாகாணத்துச் செயின்ட் லூயி நகரில் பிறந்தார். அந்நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையிலும் பின்னர் ஹார்வர்டிலும் பயின்றார். அதன்மேல் ஜெர்மனி சென்று, லைப்சிக் நகரில் நார்வே தேசத்து மகாமேதையான ஸோபஸ் லீயிடம் மாணாக்கராய் அமர்ந்து, 1898-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி ஹார்வர்டில் ஆசிரியரானார். 1922-இல் காலமானார்.

கடின சாஸ்திரத்தில் இவ்வளவு தேர்ந்தவருக்கு அழியாப் புகழ் தந்தது, கல்லூரி மாணவர் பொழுதுபோக்காக ஆடிவந்த ஓர் ஆட்டமே. அதற்கு நிம் என்று பெயரிட்டு, 1901-இல் ஒரு கணிதப் பத்திரிகையில் ஐந்தே பக்கங்களில் அதன் ரகசியம் முழுவதையும் வெளியிட்டார்.

ஆட்டம் எளிது. நமது புதுக்கோட்டையில் சமஸ்தான காலத்தில் வழங்கிய அம்மன் காசுகளை 3, 4, 5 என்று மூன்று குவியல்களாக வைத்ததாகக் கொள்வோம். இருவர் மாறிமாறி, ஏதேனும் ஒரு குவியலிலிருந்து விரும்பிய அளவு எடுக்கவேண்டும். கடைசிக் காசை எடுப்பவர் வென்றவர்.

பௌட்டன் கண்ட உபாயம் யாதெனில், ஒவ்வொரு குவியலையும் நான்கு, இரண்டு, ஒன்று என்னும் கூறுகளாக மனத்தில் பிரிப்பது. 3 என்பது இரண்டும் ஒன்றும். 5 என்பது நான்கும் ஒன்றும். இப்போது நான்குக்கு ஜோடி உண்டு, ஒன்றுக்கும் உண்டு. இரண்டு மட்டும் தனித்து நிற்கிறது. முதல் குவியலிலிருந்து அவ்விரண்டை எடுத்துவிட்டால் யாவும் ஜோடியாகின்றன. அந்நிலையைப் பெற்றவர் எதைத் தொட்டாலும் ஜோடி குலையும். நாம் அதை மீண்டும் சரிசெய்யலாம். இவ்வாறே இறுதிவரை சென்றால் வெற்றி நம்முடையது.

விதியைத் தலைகீழாக்கி, கடைசிக் காசை எடுப்பவரே தோற்றவர் என்று வைத்தாலோ? எல்லாம் மாறிவிடும் என்றே எவரும் நினைப்பர். மாறுவதில்லை என்று பௌட்டன் காட்டினார். பழைய வழியிலேயே ஆடிவர வேண்டும். ஒரே ஒரு தருணத்தில் மட்டும் மாற வேண்டும். ஒன்றைத் தவிர மற்றக் குவியல்கள் யாவும் ஒற்றைக் காசாகும் தருணம் அது. 1, 1, 5 என்று நின்றால், பழைய விதிப்படி ஐந்தையும் எடுத்திருப்போம். புதிய விதிப்படி நான்கை எடுத்து மூன்று ஒற்றைக் காசுகளை விடுகிறோம். கடைசிக் காசு எதிரியின் கையில் சேர்கிறது.

பின்னர் 1935-இல் ஸ்பிராகும் 1939-இல் கிரண்டியும் தனித்தனியே ஒரு பேருண்மையைக் கண்டனர். இருவருக்கும் ஒரே நகர்வுகள் உரியனவாகி, கடைசியாக ஆடுபவர் வெல்லும் முடிவுள்ள ஆட்டங்கள் யாவும் நிம்மின் மாறுவேடங்களே என்பதாம். கடைசியாக ஆடுபவர் தோற்கும் ஆட்டங்களுக்கோ அத்தகைய எளிய பொதுவிதி அமையவில்லை; அங்கே கணிதம் பன்மடங்கு கடினமாகிறது. 1951-இல் லண்டன் பொருட்காட்சியில் நிம்ராட் என்னும் யந்திரம் இவ்வாட்டத்தையே ஜனங்களோடு ஆடிற்று.

பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இதில் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. கடைசி வார்த்தையும் கடைசி அடியும் தமதாகவே இருக்கவேண்டுமென்று துடிப்பவர் பலர். அது வெற்றியாகும் களமும் உண்டு, தோல்வியாகும் களமும் உண்டு. எக்களத்தில் நிற்கிறோம் என்பதை முதலிலேயே அறிந்து, நிதானம் குலையாமல் நடந்து, மாறவேண்டிய அந்த ஒரு தருணத்தில் தயங்காது மாறுபவரே ஜயிப்பார்.