இதயத்துக்கு வழி கண்டவர்

சென்னையில் கோடம்பாக்கத்தை அடுத்த வடபழனியில் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. நெஞ்சுவலியுற்று அங்குச் செல்வோரின் மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்திலேயே சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைத் தமனி வழியே இதயம்வரை செலுத்தி அடைப்பைக் கண்டறிகின்றனர். கை வழியே இதயத்தை அடையலாம் என்பதைத் தம் உடம்பையே பணயம் வைத்து மெய்ப்பித்தவர், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானியர்.

அவர் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் முதல் உலகப் போரில் மாண்டார். மருத்துவம் பயின்று முடித்த ஃபோர்ஸ்மன், 1929இல் எபர்ஸ்வால்டே என்னும் ஊரின் மருத்துவமனையில் பணிபுரிந்தார். குதிரையின் கழுத்துச் சிரை வழியே இதயத்தினுள் குழாய் செலுத்தும் படத்தை அவர் நூலொன்றில் கண்டிருந்தார். மனிதர்க்கும் இது இயலாதோ என்னும் எண்ணம் அவரை விடவில்லை. இதயத்தைத் தீண்டினால் உயிர் போகும் என்று மருத்துவர் பலர் அஞ்சிய காலம் அது. தலைமை மருத்துவர் இசைவு தர மறுத்தார்.

கருவிப் பேழையின் திறவுகோல் கெர்டா டிட்சன் என்னும் செவிலியிடம் இருந்தது. சோதனையைத் தம் உடம்பிலேயே செய்யுமாறு அவர் முன்வந்தார். ஃபோர்ஸ்மன் இசைந்தவர்போல் நடித்து, அவரை மேசையில் கிடத்திக் கட்டினார். பின்னர்த் தம் இடக்கையின் முழங்கை மடிப்பை மரக்கச் செய்து, சிரையைத் திறந்து, 65 சென்டிமீட்டர் நீளம் குழாயை உட்செலுத்தினார். நம்பி வந்தவரை ஏமாற்றியது முறையன்று. எனினும் இடரைத் தாமே ஏற்றார். கட்டவிழ்த்த செவிலியையும் உடனழைத்துக்கொண்டு, குழாய் பொருந்திய கையோடு படிகளில் இறங்கி எக்ஸ் கதிர் அறையை அடைந்தார். ஓடிவந்த நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்க முயன்றார். அவரைத் தடுத்துவிட்டு, செவிலி ஏந்திய கண்ணாடியில் நோக்கினார். குழாயின் முனை இதயத்தின் வலப்புற மேலறையில் நின்றது. படமும் எடுக்கப்பட்டது.

புகழ் வரவில்லை, பெர்லினில் கிடைத்த பணியும் நிலைக்கவில்லை. அவர் சிறுநீரியல் மருத்துவத்துக்கு மாறினார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வின் நீங்காக் கறை. இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராய்ச் சென்று சிறைப்பட்டு, மீண்டபின் சிற்றூர் மருத்துவராய் வாழ்ந்தார். இதற்கிடையில் நியூயார்க்கில் குர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் அவர் கண்ட முறையை வளர்த்தனர். 1956இல் மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஃபோர்ஸ்மன் 1979இல் மறைந்தார்.

அவர் சென்றது சிரை வழி. இதயத் தமனியின் அடைப்பைக் காணத் தமனி வழியே செல்லுதல் வேண்டும். நெடுங்காலம் மருத்துவர் பெரும்பாலும் தொடைத் தமனியையே நாடினர். அதனால் குருதிக் கசிவு நேர்வதுண்டு. நோயாளியும் பல மணி நேரம் அசையாது கிடக்க நேரும். 1989இல் கனடா நாட்டு லூசியன் கம்போ, மணிக்கட்டு வழியே 100 பேரைச் சோதித்த செய்தியை வெளியிட்டார். ஆயினும் அத்தமனியின் அகலம் 2 அல்லது 3 மில்லிமீட்டரே. தீண்டியவுடன் அது சுருங்கும்; சிலர்க்குச் சுருண்டும் வளைந்தும் கிடக்கும். ஆதலின் இக்கால மருத்துவர் ஒலியலைக் கருவியால் தமனியைக் கண்டு துளையிடுகின்றனர். இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தை அதனுள்ளேயே செலுத்துகின்றனர். வழுவழுப்பான நுண்கம்பியை முன்னே விட்டு, அதன்மேல் குழாயை நகர்த்துகின்றனர். அவ்வழியும் அடைபட்டால் மறுகையை நாடுகின்றனர்.