ஆசிரியரின் ஊதியத்திற்காக வாதாடிய மகாத்மா ஜோதிராவ் பூலே

அண்ணல் அம்பேத்கர் தம் ஆசான்களாக ஏற்றுப் போற்றியவர் மூவர். புத்தர் பெருமானும் கபீரும் அவர்களுள் இருவர். மூன்றாமவர் மகாத்மா ஜோதிராவ் பூலே. சூத்திரர் யார் என்பதை ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட தம் நூலை அண்ணல் பூலேவுக்கே காணிக்கையாக்கினார். பூலேவின் பெயரை நம் இளைஞர் அறிவர். ஆயினும் அவர் ஓர் ஆசிரியர் என்பதையும், ஆசிரியரின் ஊதியம் எவ்வாறு அமைய வேண்டும் என்று அரசின் முன் எடுத்துரைத்தவர் என்பதையும் பலர் அறியார். அந்தப் பகுதியை ஈண்டுச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

பூலே 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், மாலி எனப்படும் தோட்டக்காரர் குலத்தில் கோவிந்தராவ், சிம்னாபாய் இணையர்க்கு மகனாகப் பிறந்தார். புனேயில் பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூத்தொடுத்து அளித்தமையால் பூலே என்னும் பெயர் அக்குடும்பத்திற்கு நிலைத்தது. கைக்குழந்தையாய் இருக்கும்போதே தாயை இழந்தார். சூத்திரப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்று பிறர் சொல்லக் கேட்ட தந்தை, மகனைப் பள்ளியினின்று நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பினார். அண்டையில் வாழ்ந்த ஓர் இசுலாமியப் பெரியவரும் ஒரு கிறித்தவரும் தந்தையிடம் எடுத்துச் சொன்ன பின்னரே சிறுவனுக்குப் பள்ளி மீண்டும் கிடைத்தது. 1841இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் சேர்ந்து 1847இல் படிப்பை முடித்தார்.

மறு ஆண்டு ஒரு பிராமண நண்பரின் திருமண ஊர்வலத்தில் உடன் சென்றபோது, தாழ்ந்த குலத்தான் சமமாக நடப்பதா என்று இழித்துரைக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே, 1848இல், புனேயில் பெண் குழந்தைகளுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கற்பிக்க ஆசிரியை கிடைக்கவில்லை. தம் மனைவி சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து ஆசிரியை ஆக்கினார். சாவித்திரிபாய் பள்ளிக்குச் செல்லும் வழியில் சேறும் சாணமும் கல்லும் அவர்மீது வீசப்பட்டன. பள்ளியை அடைந்ததும் மாற்றிக்கொள்ள மற்றொரு சேலையைக் கையில் எடுத்துச் சென்றார் அந்த அம்மையார். ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய தந்தை இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னபோது உஸ்மான் ஷேக் என்னும் நண்பர் இடமளித்தார். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த பாத்திமா ஷேக்கும் உடன் நின்று கற்பித்தார்.

1852இல் மகார், மாங் முதலிய தீண்டப்படாத மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தார் பூலே. அப்பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் குலச் சிறுமி, தன் மக்கள் படும் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட ஒரு குடியின் பெண் குழந்தை மூன்றே ஆண்டுகளில் எழுதியது அது. எந்தப் பரிசோதகரின் பேரேட்டில் இதற்கு மதிப்பெண் இட்டிருப்பர் என்று வியக்கிறோம்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு ராபர்ட் லோ என்னும் அமைச்சர் ஒரு திட்டத்தைக் கொணர்ந்தார். ஆண்டுக்கொரு முறை அரசின் பரிசோதகர் பள்ளிக்கு வருவார். படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் குழந்தைகளைத் தேர்வு செய்வார். தேறிய குழந்தைக்கு இவ்வளவு என்று மானியம் கணக்கிடப்படும். தவறிய பாடத்திற்கு அத்தொகை குறையும். மானியம் குறைந்தால் ஆசிரியரின் கூலியும் குறையும். பரிசோதகர் வரும் நாளில் காய்ச்சலில் கிடந்த குழந்தை ஆசிரியருக்கு நட்டக் கணக்கு. ஆதலின் ஆசிரியர் பாட நூலை வரிவரியாக மனப்பாடம் செய்வித்தனர்; மந்தமான பிள்ளையைப் பாரமாகக் கருதினர். தாமே பள்ளிப் பரிசோதகராக இருந்த மாத்யூ ஆர்னால்டு என்னும் கவிஞர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1890களில் இங்கிலாந்து இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

கடல் கடந்த இவ்வழக்கம் நம் நாட்டிற்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1868ஆம் ஆண்டு விதிகள் வழியே தேர்ச்சிக்கேற்ற மானியம் தொடக்கப் பள்ளிகளுக்கு நடைமுறையாயிற்று. சேலம் மாவட்டமும், 1997 வரை அதன் பகுதியாய் இருந்த நாமக்கல் சீமையும் அம்மாகாணத்தில் அடங்கியவையே. சேரியிலும் சிற்றூரிலும் பள்ளி நடத்த முன்வருவோன் தன் அடுப்பு எரிவதற்கு, கூலிக்குச் செல்லும் பிள்ளைகள் ஒரு நாள் தேர்வில் என்ன விடை சொல்கிறார்கள் என்பதையே நம்பி நிற்க வேண்டியிருந்தது.

1882இல் ரிப்பன் பிரபு, வில்லியம் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவின் பார்வைக்கு 1882 அக்டோபர் 19ஆம் நாளிட்ட அறிக்கை ஒன்றைப் பூலே அளித்தார். உழவரின் உழைப்பால் வரும் வரிப்பணம் மேற்குலத்தாரின் உயர்கல்விக்கே செலவாகிறது என்று அதில் குற்றம் சாட்டினார். பன்னிரண்டு வயது வரையிலேனும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குக என்றார். மகார், மாங் மக்கள் சாதி வெறுப்பினால் ஏனைய பள்ளிகளில் சேர்க்கப்படாமையால், அவர்கள் மிகுதியாக வாழும் இடங்களில் தனிப் பள்ளிகள் வேண்டுமெனக் கேட்டார்.

ஆசிரியரைக் குறித்து அவர் சொன்னவை இரண்டு. இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும், பெரிய ஊர்களில் 15 அல்லது 20 ரூபாயும் அளிக்கப்பட வேண்டும் என்றார். அதற்கு மேல், மிகுதியான பிள்ளைகளைத் தேர்ச்சி பெறச் செய்யும் சிற்றூர் ஆசிரியருக்கு ஊக்கமளிக்கத் தனிப்படி ஒன்று தரலாம் என்றும் கூறினார். பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வந்து போவது போதாது. காலாண்டுக்கொரு முறையேனும், முன்னறிவிப்பின்றியும் வர வேண்டும் என்றார். ஆகவே ஆசிரியரின் வேலையை எவரும் அளக்கலாகாது என்று வாதிட்டவர் அல்லர் அவர்.

ஆனால் தேர்ச்சிக்கேற்ற கூலி என்னும் முறை ஏழை மக்களிடையே கல்வி பரவுவதற்கு ஒருசிறிதும் பொருந்தாது என்று உறுதிபடச் சொன்னார். அவர் காட்டிய காரணம் எளிது. கல்வியின் சுவையே இன்னும் அறியாத மக்களிடையே எந்த ஆசிரியன் தன் பொறுப்பில் பள்ளி தொடங்குவான்? தொடங்கினால் அவன் பிழைப்பது எப்படி? அந்தச் சுவை உண்டாகும் வரை அரசே பள்ளி நடத்த வேண்டும், தனிச் சலுகைகளும் வேண்டும் என்பது அவர் முடிவு.

தொடக்கப் பள்ளிகளுக்கான உதவியைப் பெரும்பாலும் தேர்வு முடிவைக் கொண்டே அளிக்கலாம் என்று ஹண்டர் குழு பரிந்துரைத்தது. பின்தங்கிய பகுதிகளுக்கும் சிறப்பு நிலையிலுள்ள பள்ளிகளுக்கும் விலக்கு அளிக்கலாம் என ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டின் கல்வித் தீர்மானத்தை ஒட்டியே இம்முறை நாடெங்கும் மறைந்தது. பூலே சொல்லி இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மறைந்தது என்றோம், முற்றும் மறைந்ததா என்பது வேறு. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மாநில அளவில் முதலிடங்களைக் குவித்த காலத்தை நாம் கண்டோம். தேர்வில் மாநிலத் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திற்று. நூற்றுக்கு நூறு எடுப்பித்த ஆசிரியருக்குப் பரிசும், எடுப்பிக்காதவருக்கு முகச்சுளிப்பும் தனியார் பள்ளிகள் பலவற்றில் வழக்கமே. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தேர்வு முடிவுக்கு வெகுமதியும் அச்சுறுத்தலும் சேர்ந்தபோது, ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தினர் என்று 2011இல் விசாரணை அறிக்கை கூறிற்று; அதில் சிக்கியோர் 178 பேர்.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நேர்மை. ஆந்திர மாநிலத்துச் சிற்றூர் அரசுப் பள்ளிகளில் 2005 முதல் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் பொருளியலறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஆசிரியரின் ஊதியத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் முன்னைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினர் என்பதைப் பார்த்து, ஊதியத்திற்கு மேல் ஒரு சிறு தொகை அளித்தனர். ஈராண்டில் கணக்கிலும் மொழியிலும் அப்பள்ளிகளின் பிள்ளைகள் ஏனையோரை விஞ்சினர். இது பூலே கூறிய தனிப்படியை ஒத்தது. லோவின் கூலிமுறையை ஒத்ததன்று. அச்சோதனையில் பின்தங்கிய பிள்ளை ஓரடி முன்வந்தாலும் அது ஆசிரியரின் கணக்கில் ஏறும். லோவின் முறையில் அப்பிள்ளை வெறும் இழப்பு.

நம் சமவெளியில் கடலைக்காட்டு அறுவடையும் மரவள்ளிக் கிழங்குப் பிடுங்கலும் வரும் நாள்களில் எந்தத் தெருவுப் பிள்ளைகளின் இடம் வகுப்பில் வெறுமையாய்க் கிடக்கிறது என்பதை முப்பதாண்டுக் காலம் வருகைப் பதிவேட்டைப் புரட்டிய நாம் அறிவோம். செங்கற்சூளைக்குப் பெற்றோரோடு சென்று நான்கு திங்கள் கழித்துத் திரும்பும் பிள்ளையை மீண்டும் அரிச்சுவடியில் அமர்த்தும் ஆசிரியரை, ஆண்டிறுதித் தாளைக் கொண்டு மட்டும் எடைபோட்டால், அடுத்த ஆண்டு அவர் வேறு ஊருக்கு மாறுதல் கேட்பார். இழப்பு எந்தத் தெருவுக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூலேவின் ஏனைய பணிகளைச் சுருங்கச் சொல்வோம். 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிட்டார். 1873இல் குலாம்கிரி என்னும் நூலை வெளியிட்டுச் சத்தியசோதக சமாஜத்தைத் தொடங்கினார். உழவரின் அவலத்தை 1883இல் நூலாக எழுதினார். 1888இல் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்னும் பட்டம் சூட்டினர். அவ்வாண்டே பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகித் தம் இறுதி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28ஆம் நாள் மறைந்தார்.

இறுதிச் சடங்கில் தீச்சட்டி ஏந்தும் உரிமையைப் பிறர் தடுக்க முயன்றபோது, சாவித்திரிபாயே அதனைக் கையிலேந்தி முன்னே நடந்தார். 1897இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. நோயுற்ற மகார் சிறுவன் ஒருவனை அந்த ஆசிரியை தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். நோய் தொற்றிக்கொண்ட சாவித்திரிபாய் அவ்வாண்டு மார்ச்சு 10ஆம் நாள் உயிர்நீத்தார்.