இலையில் அயோடின் விட்டோமே... அந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பவர் யார்?

ஸ்கூல் லேப் ஞாபகம் இருக்கா? இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயிலில் வைத்து, ஆல்கஹாலில் பச்சை நிறத்தைப் போக்கி, அயோடின் விடுவோம். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும். இதற்குப் பின்னால் இருப்பவர் ஜெர்மன் தாவரவியலாளர் யூலியஸ் ஃபான் சாக்ஸ்.

1832-ல் பிரெஸ்லாவில் (இன்றைய போலந்து) பிறந்தார். 17 வயதாகும்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பணமில்லாமல் படிப்பு பாதியில் நின்றது. கைகொடுத்தது, செதுக்கு ஓவியரான அப்பாவிடமிருந்து வந்த படம் வரையும் திறமைதான். உடலியல் மேதை புர்க்கின்யே, தன் ஆய்வுகளுக்குப் படம் வரைய அவரை 1851-ல் பிராகாவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கேயே படித்து 1856-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

இலையின் பசுங்கணிகங்களுக்குள் ஸ்டார்ச் துகள்கள் இருப்பது அப்போதே தெரியும். ஆனால் அவை எப்படி வந்தன? பான் நகரை அடுத்த பாப்பல்ஸ்டார்ஃபில் 1860-களின் தொடக்கத்தில் சாக்ஸ் விடை கண்டார். செடியை இருட்டில் வைத்தால் ஸ்டார்ச் காணாமல் போகிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் திரும்ப வருகிறது. அதாவது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து இலை அங்கேயே அதைத் தயாரிக்கிறது.

இதில் பச்சையத்தின் வேலை என்ன? ஒளியைப் பிடிப்பது. அந்த ஆற்றலில் சர்க்கரை உருவாகிறது. உடனடித் தேவைக்குப் போக மிஞ்சியது ஸ்டார்ச்சாகச் சேர்கிறது. இரவில் அது மறுபடி சர்க்கரையாகி, வேர், விதை, கிழங்குக்குப் போகிறது. அதனால்தான் பச்சையமே இல்லாத உருளைக்கிழங்கிலும் அவ்வளவு மாவுச்சத்து!

1868 முதல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பல நாட்டு மாணவர்கள் தேடி வந்தார்கள். சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸும் அங்கே வேலை செய்தார். ஆனால் சாக்ஸுக்குக் கோபம் அதிகம், பிடிவாதமும் அதிகம். புவியீர்ப்பை உணர்வது வேரின் நுனிதான் என்று 1880-ல் டார்வின் அப்பா-மகன் எழுதியபோது, சோதனையே சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் டார்வின்கள் சொன்னதுதான் சரியென்று ஆனது.

அதற்காக அவர் ஆராய்ச்சியை விட்டுவிடவில்லை. இலைகளில் அயோடின் சோதனையை விரிவாக விளக்கும் ஆய்வு 1884-ல் வந்தது. 1897-ல் வூர்ஸ்பர்க்கிலேயே காலமானார்.

இன்னைக்கு மதியம் சாப்பிட்ட சோறும், ஏதோ ஒரு வயலில் நெல் இலைகள் வெயிலில் பிடித்துவைத்த ஒளிதான். அதைக் கண்ணால் பார்க்க வழி காட்டியது, படிப்பு நின்றுபோன அந்தப் பையன்.